பதிவேட்டில் ஒரு வரி

பங்கு இல்லத்து அலுவலக அறையில் பழைய தேக்கு அலமாரி ஒன்று உண்டு. அதனுள் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் தோல் அட்டையிட்டு அடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான நாட்களில் அவற்றைத் தேடி எவரும் வருவதில்லை. யாரேனும் வந்தால், அவர் இறந்துபோன தந்தையின் வயதை அறிய வந்தவராகவோ, வெளிநாடு செல்ல ஆயத்தமாகும் இளைஞராகவோ இருப்பார். அண்மைக் காலத்தில் இரண்டாம் வகையினரே மிகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும், நானே மணமுடித்து வைத்த இளம்பெண் ஒருவர் தம் தந்தையுடன் வந்து நின்றார். திருமணம் முடிந்து மூன்றாம் வாரமே கணவர் ஜெர்மனிக்குத் திரும்பியிருந்தார். அங்கு ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் அவருக்குப் பொறியாளர் பணி. மனைவி உடன் செல்ல நீண்டகால விசா வேண்டும். அதற்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். நான் முன்பே எழுதிக் கொடுத்த சான்றிதழைத்தான் அவர் இணைத்திருந்தார். ஆனால் அது திரும்பி வந்துவிட்டது. காரணம், கடவுச்சீட்டில் மணமகளின் பெயர் ஒருவிதமாகவும், சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்ததே. திருமுழுக்குப் பெயரை முன்னால் எழுதி, தந்தையின் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, அந்த எழுத்தையும் பிழையாக எழுதியிருந்தது என் கை.

பிழை என்னுடையது. அப்பெண் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. கையில் ஜெர்மன் மொழிப் பாடநூல் ஒன்றை வைத்திருந்தார். 2007-ஆம் ஆண்டு முதல், கணவனுடன் வாழ ஜெர்மனி செல்லும் மனைவியருள் பலர் அம்மொழியின் தொடக்கத் தேர்வில் தேறிய பின்னரே விசா பெற இயலும். அவர் தேர்வில் தேறிவிட்டார். நான்தான் தேறவில்லை. அவருடைய தந்தை மட்டும் மெல்லிய குரலில், “சாமி, இந்தப் பேப்பரு ஒண்ணு சரியாயிருந்தாப் போதுமுங்க. புள்ளை போயிருமுங்க” என்றார். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியே மகளைப் படிக்க வைத்தவர் அவர். மறுபடியும் நேர்காணலுக்கு நாள் கிடைக்க நான்கு மாதங்கள் ஆயின.

அந்த நான்கு மாதங்கள் என்னை உறுத்தின. கணவனும் மனைவியும் ஓரிடத்தில் வாழ்வதற்கு ஓர் ஏட்டின் ஒரு வரி ஏன் இத்துணை இன்றியமையாததாயிற்று? இந்த வழக்கம் எங்கே தொடங்கியது? இதன் பொருட்டு நமக்கு முன்னோர் எவரேனும் துன்புற்றனரா? தேடிப் படித்தபோது, நான் எதிர்பாராத ஒரு வரலாறு கண்முன் விரிந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

ஏடு பிறந்த கதை

திருமணத்தை ஏட்டில் எழுதும் வழக்கம் அரசாங்கங்கள் கண்டுபிடித்ததன்று. கத்தோலிக்கத் திரு அவை முழுவதிலும் அதைக் கட்டாயமாக்கியது திரிதெந்து பொதுச்சங்கம். 1563-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அச்சங்கம் வெளியிட்ட ஆணை, பங்குக்குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிற்கத் திருமணம் நடைபெற வேண்டும் என்றது. மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களையும் நாளையும் இடத்தையும் பங்குக்குரு ஓர் ஏட்டில் குறித்து, அதைக் கவனத்துடன் பாதுகாக்க வேண்டும் என்றும் பணித்தது.

இதன் காரணம் கருதத் தக்கது. அக்காலத்து ஐரோப்பாவில் மறைவாக மணம் புரியும் பழக்கம் பரவியிருந்தது. ஒருவன் ஒருத்தியைச் சாட்சியின்றி மணந்து, பின்னர் அவளைக் கைவிட்டு, வேறொருத்தியை ஊரறிய மணப்பான். முதல் மனைவியிடம் சான்று ஏதும் இராது. இத்தகைய கொடுமையைத் தடுக்கவே ஏடு வந்தது. எனவே பதிவேடு பிறந்தபோது அது பெண்ணுக்கு அரணாகவே பிறந்தது. ஞாயிறு திருப்பலியில் மும்முறை ஓலை வாசிக்கும் வழக்கத்தின் உட்பொருளும் இதுவே. பின்னர், 1908-இல் நடைமுறைக்கு வந்த ஆணையொன்று, திருமணத்தை மணமக்களின் திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் எனப் பணித்தது. இன்றைய திருச்சபைச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இவ்வேட்டிற்கு அரசின் மதிப்பையும் அளித்தது. கத்தோலிக்கக் குரு நடத்தும் திருமணத்தை, மறைமாவட்ட ஆயர் வகுக்கும் முறைப்படி பதிவு செய்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதன் விவரங்களைத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்று அதன் 30-ஆம் பிரிவு கூறுகிறது. இவ்வாறு நம் ஏடுகள் இரு தலைவர்களுக்குப் பணி செய்யத் தொடங்கின. ஒன்று திருச்சபை; மற்றொன்று அரசு.

அக்காலத்தில் நம் அண்டை வீட்டாருக்கோ இத்தகைய ஏடு எதுவும் இல்லை. கொங்கு வேளாளர் இல்லத் திருமணத்தை எண்ணிப் பாருங்கள். அருமைக்காரர் முன்னின்று சீர்களை நடத்துவார். மங்கல வாழ்த்துப் பாடப்படும். இணைச்சீரில் உடன்பிறந்தாளின் உரிமை உறுதி செய்யப்படும். ஊரும் உறவும் கூடிப் பார்த்ததே சான்று. இன்னாள் இன்னாருடைய மனைவி என்பதற்கு நொய்யல் கரையில் எவரும் எழுத்தால் ஆதாரம் கேட்டதில்லை. கடல் கடந்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

கப்பல் பட்டியலில் கோயம்புத்தூர்

1860-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தம் செய்யப்பட்ட 342 பேர் இருந்தனர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள்.

இங்கு ஓர் ஒப்புமையைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. நமது கோயம்புத்தூர் மறைவட்டத்தின் முதல் ஆயரான மெல்கியோர் தெ மரியோன் பிரேசில்லாக், இந்தியாவை விட்டுச் சென்று ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவி, 1859 ஜூனில் அக்கண்டத்தின் மேற்குக் கரையிலுள்ள ஃப்ரீடவுன் நகரில் நோயுற்று மாண்டார். அதற்கு அடுத்த ஆண்டில் அக்கண்டத்தின் தென்கரைக்குத் தமிழ் உழைப்பாளர் சென்றனர். அவர் தாமே விரும்பிச் சென்றார். இவர்களைப் பசியும் கடனும் ஓட்டிச் சென்றன.

கப்பலேறியவர்களின் பட்டியல்கள் இன்றும் காப்பகத்தில் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பின்னர்ப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா, உடலிலுள்ள அடையாளக் குறி. ஜில்லாவுக்குரிய கட்டத்தில் வட ஆர்க்காடும், செங்கற்பட்டும், தஞ்சாவூரும், சேலமும் வருவதுபோல் கோயம்புத்தூரும் வருகிறது. கம்பும் சோளமும் விளைந்த புஞ்சைகளை விட்டு, பஞ்சம் வந்த காலங்களில் புறப்பட்ட நம் மாவட்டத்து மக்களின் ஒரே எழுத்துச் சுவடு அதுவாகவே இருக்கலாம்.

பட்டியலில் கிறிஸ்தவர் பெயர்களும் உண்டு. டர்பனில் பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு சபோன் இவ்விந்தியக் கத்தோலிக்கரிடையே ஊழியம் செய்தார். அவர்களுடைய பிள்ளைகளின் திருமுழுக்குகளும் திருமணங்களும் அங்குள்ள கோவில் ஏடுகளில் இடம்பெற்றன.

ஏனையோரின் நிலை வேறு. ஒப்பந்தத் தொழிலாளரின் திருமணம் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும் என்று சட்டம் இருந்தது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களேனும் கப்பலில் இருக்க வேண்டும் என்பதும் விதி. எண்ணிக்கையை நிரப்புவதே முகவரின் கவலை. அவள் யாருடைய மனைவி என்பது வெறும் கணக்கு. தாலியை ஊர் மதித்தது. சட்டமோ தாளை மதித்தது. ஒப்பந்தம் முடிந்து, தனியே காய்கறி பயிரிட்டும் சிறுவாணிகம் செய்தும் வேரூன்றியவர்கள், ஊருக்கு வந்து மணம் முடித்து மனைவியை அழைத்துச் செல்ல முற்பட்டபோது இந்த வேறுபாடு இடியாக இறங்கியது.

ஒரு தீர்ப்பு

தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசுகள் இந்தியரின் வருகையைப் படிப்படியாக இறுக்கின. 1895-இல் ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கும் தொழிலாளர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. 1897-இல் நேட்டாலுக்குள் புதிதாக நுழைவோர்க்கு ஐரோப்பிய மொழியொன்றில் எழுதும் தேர்வு வந்தது. 1907-இல் திரான்சுவாலில் ஆசியர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்யும்படி சட்டம் வந்தது. ஆயினும் சட்டப்படி குடியிருக்கும் ஒருவர் தம் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்ற வாசல் மட்டும் திறந்திருந்தது.

1913 மார்ச் 14 அன்று அவ்வாசலும் அடைபட்டது. கேப் மாகாணத்தில் குடியிருந்த ஹசன் ஈசோப் என்பவர் இந்தியாவில் மணந்த தம் மனைவி பாய் மரியத்தை அழைத்து வந்தார். குடிவரவு அதிகாரி அவரை இறங்க அனுமதிக்கவில்லை. வழக்கு கேப் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதி சியர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் சமயமொன்றின்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்களில் திருமணமாகாது என்று தீர்ப்பளித்தார். அம்மனிதருக்கு ஒரே மனைவிதான் இருந்தார் என்பது பொருட்படுத்தப்படவில்லை. அச்சமயம் பலரை மணக்க இடம் தருகிறது என்பதே போதிய காரணமாயிற்று.

இதன் விளைவை அன்றைய இந்தியர் உடனே உணர்ந்தனர். கிறிஸ்தவ முறைப்படி நடந்தவையும், அரசுப் பதிவாளரிடம் பதிவானவையும் நீங்க, இந்து, இசுலாமிய, பார்சித் திருமணங்கள் அனைத்தும் ஒரே நாளில் செல்லாக் காசாயின. முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவியும் சட்டத்தின் முன் மனைவியல்லள். அவள் பெற்ற மக்கள் முறையான மக்களல்லர். கணவனின் சொத்தில் உரிமை இல்லை. அந்நாட்டில் தங்கவும் உரிமை இல்லை. காந்தியடிகளுக்கும் கஸ்தூரிபாய்க்கும் நடந்ததும் அத்தகைய திருமணமே.

கத்தோலிக்க வாசகர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அத்தீர்ப்பு நம் மக்களைத் தொடவில்லை. கோவில் ஏட்டில் பெயர் எழுதப்பட்ட தமிழ்க் கிறிஸ்தவ மனைவி பாதுகாப்பாக இருந்தாள். அதே தோட்டத்தில், அதே வரிசை வீட்டில், அடுத்த அறையில் வாழ்ந்த அவளுடைய ஊர்க்காரி பாதுகாப்பற்றவளானாள். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். இருவர் கழுத்திலும் தாலி. ஆனால் ஒருத்தியின் தாலிக்குப் பின்னால் ஓர் ஏடு இருந்தது. கைவிடப்படும் பெண்ணைக் காக்கத் தோன்றிய அவ்வேடு, அவ்வேளையில் வேறொரு பெண்ணை வெளியே தள்ளும் அளவுகோலாக அயலாரால் பயன்படுத்தப்பட்டது. இதை வாசித்தபோது என் அலமாரியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

எனினும் ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. தமக்குத் தீங்கில்லை என்று கிறிஸ்தவர் அனைவரும் ஒதுங்கி நிற்கவில்லை. அத்தீர்ப்புக்கு முன்பே அறப்போரில் இறங்கியவர்களுள் ஜோசப் இராயப்பன் ஒருவர். ஒப்பந்தத் தொழிலாளரின் மகனாக நேட்டாலில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று வழக்கறிஞரானவர், கிறிஸ்தவர். அவருடைய பெயர், புனித இராயப்பரை நாம் அழைக்கும் அதே பெயர்தான். நாகரிக உடையையும் தொழிலையும் ஒதுக்கிவிட்டுத் தெருவில் கூடை சுமந்து விற்றுச் சிறை சென்றார். தால்ஸ்தாய் பண்ணையில் எளியவர்களோடு எளியவராக வாழ்ந்தார்.

சிறைக்குச் சென்ற மனைவியர்

அதுவரை நடந்த அறப்போராட்டங்களில் பெண்களைச் சிறைக்கு அனுப்பக் காந்தியடிகள் இசையவில்லை. இத்தீர்ப்புக்குப் பின் தடுக்க இயலவில்லை. இழிவு அவர்களுடையது, எதிர்க்கும் உரிமையும் அவர்களுடையதே.

1913 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூரிபாய் உள்ளிட்ட குழுவினர் அனுமதிச் சீட்டின்றி திரான்சுவால் எல்லையைக் கடந்து, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றனர். மற்றொரு புறம், தால்ஸ்தாய் பண்ணையோடு தொடர்புடைய பெண்கள் பதினொருவர் எதிர்த்திசையில் நேட்டாலுக்குள் நுழைந்தனர். இவர்களுள் ஒருவரைத் தவிர ஏனையோர் தமிழ்ப் பெண்கள் என்றும், அறுவர் கைக்குழந்தைகளை ஏந்திச் சென்றனர் என்றும் காந்தியடிகளே தம் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் குறித்துள்ளார். தம்பி நாயுடுவின் துணைவியார் அக்குழுவில் ஒருவர்.

எல்லையில் கைது செய்யப்படுவோம் என்று எண்ணியே இவர்கள் சென்றனர். காவலர் கண்டுகொள்ளவில்லை. எனவே நியூகாசில் நகரின் நிலக்கரிச் சுரங்கங்களை நோக்கி நடந்தனர். அங்கு வேலை செய்த தமிழ், தெலுங்கு, இந்தித் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் சென்று, மூன்று பவுன் வரி நீங்கும்வரை வேலை செய்யாதீர் என்று கேட்டனர். தாய்மொழியில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கேட்டபோது அச்சொல்லுக்கு எந்தத் தலைவரின் சொற்பொழிவுக்கும் இல்லாத வலிமை இருந்தது. அக்டோபரில் சுரங்கங்கள் வெறிச்சோடின. அப்பெண்கள் கைதாகி மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் திரான்சுவால் எல்லையை நோக்கிப் பெரும் பயணம் தொடங்கினர். அரசு ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலிட்டது. சுரங்கங்களையே சிறைகளாக மாற்றியது. ஆயினும் அவர்கள் பணியவில்லை.

இப்போரில் மாண்டவர்களுள் தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அச்சிறுமி, பெற்றோரின் மண்ணான தஞ்சைத் தரணியைக் கண்டதேயில்லை. சிறையில் கடுங்காய்ச்சல் கண்டு, விடுதலையான சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22 அன்று தம் பதினாறாம் வயதில் உயிர்நீத்தார். நம் பாடநூல்கள் அவரை விடுதலைப் போரின் தியாகி என்று அறிமுகப்படுத்துகின்றன. அது சரியே. ஆனால் அவரைச் சிறைக்கு அனுப்பிய போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, தமிழ்ப் பெண் ஒருத்தி தன் கணவனின் மனைவியாக ஒரு நாட்டினுள் நுழையலாமா என்பது. அவரோ மணமாகாதவர். தமக்குரியதல்லாத ஓர் உரிமைக்காகத் தம் உயிரைக் கொடுத்தார் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

1914 ஜூனில் காந்தியடிகளுக்கும் அமைச்சர் ஸ்மட்சுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் துயர்தணிப்புச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. இந்தியச் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணத்தில் ஒரு மனைவியைச் சட்டப்படியான மனைவியாக ஏற்றது. இந்தியச் சமயக் குருமாரையும் திருமண அலுவலராக நியமிக்க இடமளித்தது. நம்முடைய ஏட்டுக்கு மட்டும் இருந்த மதிப்பு, பூசாரிக்கும் மௌல்விக்கும் கிடைத்தது. நியாயம் முழுமையாகக் கிடைத்ததென்று சொல்ல முடியாது. ஆயினும் அடைபட்ட வாசல் திறந்தது.

சான்றிதழ் கேட்கும் உலகம்

அவ்வாசலில் அன்று வைக்கப்பட்ட காவல் இன்றுவரை அகலவில்லை. 1918-இல் இலண்டனில் கூடிய பேரரசின் போர்க்கால மாநாடு, பிரிட்டிஷ் நாடுகளில் ஏற்கெனவே நிலையாகக் குடியேறிய இந்தியர்கள் தம் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் விதித்தது. ஒருவருக்கு ஒரு மனைவியே. அவர் சட்டப்படியான மனைவிதான் என்று இந்திய அரசு சான்றளிக்க வேண்டும். கப்பலேறுமுன் சொந்த நாட்டிலேயே மனைவி தன்னை மனைவி என்று மெய்ப்பிக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டில், இன்றைய துணைவர் விசாவின் சாயலை நான் காண்கிறேன்.

அடுத்து வந்தவற்றை விரைந்து கூறிவிடலாம். முதல் உலகப் போருக்கு முன் கடவுச்சீட்டின்றியே பலர் பயணம் செய்தனர். 1920-இல் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. கடவுச்சீட்டு வழங்குவது அரசின் விருப்பமே என்ற நிலையை 1967-இல் உச்ச நீதிமன்றம் மாற்றி, வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தின் பகுதியே என்றது. அவ்வாண்டே புதிய கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. ஒப்பந்தக் கூலிகளின் காலத்திலிருந்த ‘பாதுகாவலர்’ என்ற பதவிப்பெயரோ, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்திலும் தொடர்ந்தது.

1962-க்கு முன் காமன்வெல்த் நாட்டினர் பிரிட்டனுக்குத் தடையின்றிச் செல்ல முடிந்தது. அவ்வாண்டில் வேலை அனுமதிச் சீட்டு முறை வந்தது. 1969 முதல், கணவனோடு சேரப் புறப்படும் மனைவி சொந்த நாட்டிலேயே நுழைவுச் சான்று பெற வேண்டியதாயிற்று. அதற்காகத் தூதரக அலுவலரின் நேர்காணலில் நாணத்தை விட்டுப் பதில் கூற வேண்டியிருந்தது. 1979-இன் தொடக்கத்தில், மணம் புரிந்துகொள்ள இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவர், எழுதவும் கூசும் உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். செய்தி வெளியானபின் எழுந்த கண்டனத்தால் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. 1980-களில் அந்நாடு, திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றமன்று என்பதைத் தம்பதியரே மெய்ப்பிக்க வேண்டும் என்று விதித்தது. அன்பின் நோக்கத்தை எந்த ஏட்டைக் கொண்டு மெய்ப்பிப்பது? 1997-இல் அவ்விதி நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், கோவைப் பொறியியல் கல்லூரிகளில் கற்ற பல இளைஞர் அறிந்த எச்-1பி பணி விசாவை உருவாக்கியது. அவர்களுடைய மனைவியருக்கு எச்-4 விசா. முதுகலைப் பட்டம் பெற்ற பெண்களும் அவ்விசாவில் வேலை செய்ய இயலாது அடுக்களையில் முடங்கினர். 2015-இல்தான் அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. வளைகுடா நாடுகளிலோ, குறிப்பிட்ட ஊதியம் பெறாத தொழிலாளி மனைவியை அழைத்துச் செல்லவே இயலாது. கட்டுமானப் பணிக்குச் சென்ற நம் பங்கு மக்கள் பலர் இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து பிள்ளையின் முகம் பார்த்துத் திரும்புகின்றனர். செல்வருக்குத் தாமதமாகத் திறக்கும் வாசல், ஏழைக்குத் திறப்பதேயில்லை.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் குடிபெயர்ந்தோர் பற்றி எழுதிய ஆவணத்தில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை அவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். யோசேப்பு தனியே செல்லவில்லை. மரியாவையும் குழந்தையையும் கூட்டிச் சென்றார் என்பதை மறவாதிருப்போம். 1983-இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைச் சாசனமும், குடிபெயர்ந்தோர் தம் குடும்பத்தோடு விரைவில் ஒன்றுசேரும் உரிமையை வலியுறுத்துகிறது.

ஓரக்குறிப்பு

இவ்வரலாற்றை அறிந்தபின் நான் செய்யத் தொடங்கிய சில செயல்களைச் சொல்லி முடிக்கிறேன்.

திருமணத்திற்கு முன் மணமக்களின் கடவுச்சீட்டையும் பள்ளிச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, திருமுழுக்குப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் பெயரே முதலெழுத்தாகிறது. மேலைநாட்டு விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது. ஒரே ஆளின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக நிற்பதற்கு இதுவே காரணம். வேறுபாடு இருந்தால் ஓலை வாசிக்கும் முன்பே அதைத் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

2006-இல் உச்ச நீதிமன்றம், எச்சமயத்தாராயினும் திருமணங்கள் யாவும் பதிவு பெற வேண்டும் என்றது. அதையொட்டி 2009-இல் தமிழ்நாட்டிலும் திருமணப் பதிவுச் சட்டம் வந்தது. தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கோவில் சான்றிதழே போதும் என்று இருந்துவிடாமல், பதிவாளர் அலுவலகத்திற்கும் உடனே செல்லுங்கள் என்று மணமக்களிடம் கூறுகிறேன். அருமைக்காரர் முன் மணந்த நம் அண்டை வீட்டாருக்கும் இச்சட்டம் ஒரு சான்றைத் தந்துள்ளது. 1913-இல் அவர்களுக்கு இல்லாதிருந்தது இதுவே. அவர்கள் வந்து வழி கேட்டால் சொல்லிக் கொடுப்பதும் நம் கடமை.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் விடுப்பு முடிவதற்குள் அவசரமாக மணம் முடித்து, பெண்ணைப் பிறந்தகத்தில் ஓராண்டு காத்திருக்க விடாதீர்கள். எந்த வகை விசா, மனைவி எப்போது செல்லலாம், அங்கே வேலை செய்யலாமா, மொழித்தேர்வு உண்டா என்பவற்றை நகை நட்டு பேசுமுன் பேசுங்கள். இவை மாப்பிள்ளையை ஐயுறும் கேள்விகள் அல்ல. இருவரும் கூடி வாழப் போகும் வீட்டின் முகவரியைக் கேட்பதே.

முதலில் கூறிய பெண்ணின் கதை எஞ்சியுள்ளது. ஏட்டிலுள்ள பிழையை அழித்தோ சுரண்டியோ திருத்தலாகாது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. பிழை தெரிந்த ஒரு மாதத்திற்குள், மணமக்களின் முன்னிலையில், அவர்கள் இல்லாவிடில் நம்பத்தக்க இரு சாட்சிகளின் முன்னிலையில், மூலப் பதிவை மாற்றாமல் ஏட்டின் ஓரத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட்டு நாள் குறிக்க வேண்டும். மாப்பிள்ளை கடலுக்கு அப்பால் இருந்தார். ஆகவே பெண்ணின் தந்தையும் எங்கள் உபதேசியாரும் சாட்சிகளாக நின்றனர். பெண்ணும் அருகில் நின்று பார்த்தார். மிக மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். தந்தை, தறி பிடித்துக் காய்த்த விரல்களால் பேனாவை இறுகப் பிடித்துக் கையெழுத்திட்டார்.

நான்கு மாதங்களுக்குப் பின் அப்பெண் சென்றுவிட்டார். கடந்த கிறிஸ்து பிறப்புக் காலத்தில் கணவனோடும் குழந்தையோடும் வந்து, குழந்தைக்குத் திருமுழுக்கு இங்கேயே வேண்டும் என்றார். திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து, குழந்தையின் கடவுச்சீட்டை அருகில் வைத்துக்கொண்டு, எழுத்துகளை இருமுறை சரிபார்த்த பின்னரே பேனாவின் மூடியைக் கழற்றினேன்.